திறப்பைக் கேட்டு ஆள் வந்தால்

கேள்வி: ஐயா, நான் கொழும்பில் ஒரு திணைக்களத்தின் கணினிப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். நாடு முழுவதிலும் உள்ள ஆட்களின் பெயர், முகவரி, பிறந்த இடம் எல்லாம் அடங்கிய தரவுத்தளம் எங்களிடம் இருக்கிறது. அதன் நிர்வாகக் கடவுச்சொல் எனக்கும் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பருக்கும் மட்டுமே தெரியும். 2018 ஒக்டோபரில் ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள் இருந்தபோது எந்த அமைச்சர் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். 2025 இல் அமெரிக்காவில் வெளியாட்கள் வந்து அரசாங்கக் கணினிகளைத் திறக்கச் சொன்னதையும், மறுத்த சில அதிகாரிகள் வீட்டுக்குப் போனதையும் செய்தியில் பார்த்ததிலிருந்து எனக்கு இரவில் இதே யோசனை. நாளைக்கு எங்கள் கந்தோருக்கும் நாலு பேர் வந்து நின்றால் நான் என்ன செய்வது? "கேட்டதைக் குடுத்துப்போட்டுப் பேசாம வீட்ட வாங்கோ, ரெண்டு பிள்ளையள் இருக்கு" என்று மனைவி சொல்கிறா. கொடுத்தால் மனச்சாட்சி உறுத்தும். கொடுக்காவிட்டால் வேலை போகும். வழி சொல்லுங்கள்.
(வெள்ளவத்தை வாசகர். பெயரும் திணைக்களமும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்: தம்பி, உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் மிகவும் உண்மையான வரி அதுதான். இந்த நாட்டில் ஒரு சிங்கள உத்தியோகத்தர் "ஏலாது" என்றால் ஆள் கொஞ்சம் முரடு என்பார்கள். ஒரு தமிழர் சொன்னால் அந்த "ஏலாது"க்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடுவார்கள். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குக் கீழே வளர்ந்த எந்த வீட்டிலும் இந்தப் பயம் இருக்கும். அதற்கு வீரக்கதை சொல்லி அவருடைய வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். வேலையையும் காப்பாற்றிக்கொண்டு, செய்யக்கூடாததையும் செய்யாமல் இருப்பது எப்படி என்றுதான் எழுதப் போகிறேன். இரண்டும் முக்கால் வழி ஒன்றாகப் போகும். மிச்சக் கால் வழியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகக் கறுப்புக் கோட்டுப் போடுவதற்கு முன்னர் நானும் நிருவாக சேவையில் இருந்தவன். 1984 என்று நினைவு; கொழும்பில் ஒரு கந்தோர். ஒருநாள் காலை என் மேலதிகாரிக்குத் தொலைபேசி வந்தது. காலிப் பக்கத்துச் சிங்களவர், அதிகம் பேசாதவர். நாலைந்து தரம் "சரி, சரி" என்றார். கடைசியில் "கடிதம் ஒன்று அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்களிடம் வேலை செய்யும் தமிழர்களின் வீட்டு முகவரிப் பட்டியலைக் கேட்டார்களாம். கேட்டது பெரிய இடம். அந்தப் பட்டியல் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது, என் பெயரும் அதில் இருந்தது. அவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அன்று கடிதம் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. வரவே இல்லை.

கேட்டவருக்குப் பட்டியல் தேவைப்பட்டது. அதைக் கேட்டவர் தான்தான் என்று ஒரு தாளில் கிடப்பது மட்டும் தேவைப்படவில்லை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த வகைதான்.

1920 மார்ச் 13 ஆம் திகதி ஜேர்மனியில் வொல்ஃப்காங் காப் என்பவர் படையோடு பேர்ளினுக்குள் புகுந்து, தானே இனி அரசாங்கம் என்று அறிவித்தார். முறையான அரசாங்கம் ஊரை விட்டே ஓடிவிட்டது. படை கையில் இருக்கிறது, அமைச்சுக் கட்டடங்கள் கையில் இருக்கின்றன, படைக்குக் கொடுக்கக் காசு இல்லை. மத்திய வங்கிக்கு ஆள் அனுப்பினால், செல்லுபடியாகும் கையொப்பம் இல்லாமல் பணம் தரமுடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அமைச்சுகளில் உத்தியோகத்தர்கள் கட்டளையை நிறைவேற்றவில்லை. வெளியே தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தத்தில் மின்சாரமும் போக்குவரத்தும் நின்றன. 17 ஆம் திகதி காப் கிளம்பிவிட்டார். இதில் எனக்குப் பிடித்த இடம், காப் தானே ஒரு பழைய அரசாங்க உத்தியோகத்தர் என்பது. கையொப்பம் இல்லாவிட்டால் ஒன்றும் நகராது என்பது மற்ற எவரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இது எப்போதும் வெல்லும் என்று எண்ணவேண்டாம். 1917 நவம்பரில் பெற்றோகிராட்டில் ரஷ்ய அரச வங்கி ஊழியர்களும் இதே மாதிரிப் புதிய ஆட்சிக்குப் பணம் தர மறுத்தார்கள். கொஞ்ச நாள் இழுபட்டு, கடைசியில் ஆயுதத்தோடு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். துவக்கைக் காட்டுகிறவரிடம் சுற்றறிக்கையைக் காட்டி வெல்லமுடியாது. அப்படி ஒருநாள் வந்தால் கையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நில்லுங்கள், பிறகு நடந்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள். வேறு ஆலோசனை என்னிடம் இல்லை.

ஆனால் உங்களிடம் வரப்போகிறவர் அநேகமாகத் துவக்கோடு வரமாட்டார். நல்ல சேட் போட்டு, கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, "மேலிடத்தில் சொல்லியாயிற்று, பத்து நிமிட வேலை" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

அமெரிக்கக் கதையை நீங்கள் 2018 ஓடு ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். அங்கே வந்தவர்கள் தேர்தலில் வென்ற ஜனாதிபதி 2025 ஜனவரி 20 ஆம் திகதி பதவியேற்ற அன்றே ஒப்பமிட்ட நிறைவேற்றுக் கட்டளையின் பேரில் வந்தவர்கள். யார் அரசாங்கம் என்ற கேள்வி அங்கே எழவில்லை. இந்த ஆட்களுக்கு இந்தத் தரவைப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதே கேள்வி. திறைசேரியின் கொடுப்பனவு முறைமைக்குள் அவர்கள் நுழையக் கேட்டபோது, அங்கே பல பத்தாண்டுகள் வேலைசெய்த டேவிட் லெப்ரிக் இணங்கவில்லை. ஜனவரி முடிவதற்குள் அவர் சேவையை விட்டுப் போய்விட்டார். சர்வதேச உதவி முகவரகத்தில் இரகசிய முறைமைகளுக்கு வழிவிடாத இரண்டு பாதுகாப்பு அதிகாரிகள் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தின் பதில் ஆணையாளர் மிஷெல் கிங்கும் பெப்ரவரியில் வெளியேறினார்.

பிறகு என்ன நடந்தது? மறுத்தவர் எழும்பிய கதிரையில் மறுக்காதவர் வந்து இருந்தார். வழக்குகள் போயின. சில நீதிபதிகள் தடை விதித்தார்கள். 2025 யூன் 6 ஆம் திகதி அந்த நாட்டு உயர் நீதிமன்றம் சமூகப் பாதுகாப்புத் தரவைப் பார்க்க அனுமதித்துவிட்டது. லெப்ரிக் போனதால் உலகத்துக்கே விடயம் தெரியவந்தது, அது சின்ன விடயம் இல்லை. ஆனால் அவர் உச்சியில் இருந்தவர். அவர் போனால் செய்தி. நீங்களும் நானும் போனால் வெற்றிடம், அவ்வளவுதான். அதே நாட்களில் மத்திய அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் "இப்போதே விலகச் சம்மதித்தால் செப்டெம்பர் வரை சம்பளம்" என்று மின்னஞ்சல் போனதைக் கவனித்தீர்களா? ஏறத்தாழ 75,000 பேர் ஏற்றுக்கொண்டார்கள். கதிரையில் இருப்பவரைத் தள்ளி விழுத்துவது கரைச்சல். அவராக எழும்பிப் போனால் சுகம். ஆகவே தம்பி, கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதவேண்டாம். இருங்கள்.

இப்போது எங்கள் ஊர். 2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஒரு பிரதமர் இருக்க இன்னொரு பிரதமர் சத்தியப்பிரமாணம் செய்தார். அன்றிரவே அரச ஊடக நிறுவனங்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள், ரூபவாஹினி கொஞ்ச நேரம் ஒளிபரப்பின்றிக் கிடந்தது. நவம்பர் 9 பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, 13 உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 29 ஆம் திகதி பிரதமர் அலுவலகச் செலவுகளை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் எதிர்ப்பின்றி நிறைவேறியது. டிசெம்பர் 3 மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரதமரும் அமைச்சரவையும் இயங்க இடைக்காலத் தடை விதித்தது. 13 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் "சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்" என்றே கிடக்கிறது. எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் ஒரு சின்னப் பெருமையோடு சொல்லிவைக்கிறேன்.

பழைய பிரதமர் திரும்பி வரும்வரை அந்த 51 நாளும் உங்களைப்போன்றவர்கள் கந்தோருக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். யார் அமைச்சர் என்பதை ஒரு கணினி உத்தியோகத்தர் தீர்மானிக்கமுடியாது, தீர்மானிக்கவும் கூடாது. அது நீதிமன்றத்தின் வேலை. அவர் செய்யக்கூடியது ஒன்று: மேலே சண்டை ஓயும்வரை, பிறகு திருப்பி எடுக்கமுடியாத எதையும் தன் கையால் செய்யாமல் இருப்பது. சம்பளப் பட்டியல் ஓடட்டும், சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்கும் சனத்துக்கு அது கிடைக்கட்டும். தரவுத்தளத்தின் முழுப் பிரதி ஒன்று ஒருவருடைய பையில் ஏறிப்போனால் எந்த நீதிமன்றத்தாலும் அதைத் திரும்ப இறக்கமுடியாது.

சட்டத்தில் உங்கள் கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்ப்போம். அமைச்சரவை கலைந்தால் அமைச்சுச் செயலாளரின் பதவியும் அதோடு போகும் என்கிறது அரசியலமைப்பின் 52 ஆம் உறுப்புரை. திணைக்களத் தலைவர் அப்படிப் போவதில்லை. ஆகவே குழப்பமான நாட்களில் உங்களுக்கு மேலே ஆடாமல் நிற்கும் படி அவர்தான். அவருடைய எழுத்துமூல அறிவுறுத்தல் இல்லாமல் அமைச்சின் இணைப்பதிகாரி, ஆலோசகர், விசேட பிரதிநிதி என்று வருகிற எவரும் உங்களுக்குக் கட்டளையிட முடியாது. 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 10 ஆம் பிரிவை ஒருதரம் வாசியுங்கள். நம்பி ஒப்படைக்கப்பட்ட அணுகல் தகவலை, வெளிப்படையான அதிகாரம் இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பதே அங்கே குற்றம். மனைவிக்கு இதைச் சொல்லுங்கள்: "கேட்டதைக் குடுத்துப்போட்டு" வருவதும் பத்திரமான வழி அல்ல. ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வு வரும்போது, கேட்டவர் எங்கோ தூதுவராகப் போயிருப்பார். கோவையில் உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கும்.

அதே சட்டம் மற்றப் பக்கமும் வெட்டும். கோபத்தில் தரவை அழிப்பது, கடவுச்சொல்லை மாற்றி எல்லோரையும் வெளியே பூட்டுவது, பதிவுகளைத் துடைப்பது, "முறைமை பழுது" என்று பொய் சொல்வது எல்லாம் உங்களைக் குற்றவாளியாக்கும். உங்களுடைய நல்ல நோக்கத்தை வாசிக்க எந்தப் பொலிஸ் சார்ஜன்டுக்கும் நேரம் இருக்காது. பொய் சொல்லி இழுத்தடிப்பதை நான் வேறொரு காரணத்துக்காகவும் வெறுக்கிறேன்: அது பிடிபட்டால், நேர்மையாக மறுத்த அடுத்தவரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். வந்தவரை இருக்கச் சொல்லுங்கள். பெயர், பதவி, அடையாள அட்டை இலக்கத்தைக் குறியுங்கள். பிறகு அவர் முன்னாலேயே திணைக்களத் தலைவருக்குப் பிரதியிட்டு இப்படி ஒரு கடிதம் தட்டுங்கள்:

"இன்று காலை 10.20 இற்குத் தாங்கள் வாய்மொழியாகக் கோரிய தரவுத்தள அணுகல் தொடர்பாக: கோரிக்கையின் சட்ட அடிப்படை, தேவைப்படும் தரவின் வரையறை, அதன் நோக்கம், பயன்படுத்தவுள்ளோரின் பெயரும் பதவியும் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அங்கீகாரத்துடன் அனுப்பிவைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். கிடைத்ததும் மேலதிக நடவடிக்கை எடுக்கப்படும்."

இதில் "மறுக்கிறேன்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்படியாமை என்று குற்றப்பத்திரம் எழுத வருகிறவருக்குப் பிடிக்க ஒரு கொம்பும் கிடைக்கக்கூடாது. கடிதத்தைச் சிங்களத்திலேயே எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அன்றைக்கு அந்த உரிமைக்காகச் சண்டை பிடிக்கும் நாள் அல்ல. ஒருநாளில் ஒரு சண்டை போதும்.

அதற்கு முன்னர், நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு தரவுத்தளத்தின் கடவுச்சொல் இரண்டு பேருடைய தலைக்குள் மட்டும் கிடப்பதே பிழை. ஒருவர் மட்டும் திறக்கமுடியாதபடி இரண்டு பேர் சேர்ந்தே திறக்கும் ஏற்பாடு, முத்திரையிட்ட உறையில் ஒரு பிரதி திணைக்களத் தலைவரின் இரும்புப் பெட்டியில், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு வேறொரு இடத்தில். இதைச் சாதாரண பாதுகாப்பு முன்மொழிவாக இப்போதே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அமைதியான நாளில் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். 2023 இல் அரசாங்க மின்னஞ்சல் முறைமை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கப்பத் தாக்குதலுக்கு இலக்காகி, மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரையான மின்னஞ்சல்கள் காப்புப்பிரதி இல்லாமல் அழிந்துபோனதை உதாரணமாகக் காட்டினால் அனுமதி இன்னும் சுருக்காய்க் கிடைக்கும். இது நடைமுறையில் இருந்தால், பிறகு ஒருநாள் "என்னால் தனியாகத் திறக்கமுடியாது" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த கால் வழி. என் மேலதிகாரி ஓய்வுபெற்ற அன்று அவரிடம் கேட்டேன்: "சேர், அன்றைக்குக் கடிதம் வந்திருந்தால்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அது வரவில்லைத்தானே" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நாற்பது வருடமாக அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

ஏனென்றால் கடிதம் சரியாக வருகிற நாளும் உண்டு. ஜேர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்தபோது அந்த நாட்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் ஒழுங்கு தவறாதவர்கள். 1940 ஒக்டோபரில், தாங்கள் யூதர் அல்லர் என்று ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அநேகமாக எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு படிவம்தானே. அடுத்த வருடம் யூதர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. பதிவேடுகள் மிகச் சுத்தமாகத் தயாராயின. குடித்தொகைப் பதிவேட்டுக்குப் பொறுப்பான யாகொபுஸ் லென்ட்ஸ் என்ற அதிகாரி, யாரும் போலி செய்யமுடியாத அடையாள அட்டை ஒன்றை மிகுந்த தொழில் அக்கறையோடு வடிவமைத்தார். அந்நாட்டு யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் திரும்பி வரவில்லை. அவர்களின் பெயரை எழுதிய எழுதுவினைஞர்கள் எல்லோரிடமும் எழுத்துமூல அங்கீகாரம் இருந்தது. 1943 மார்ச்சில் அம்ஸ்ரடாம் பதிவேட்டுக் கட்டடத்துக்கு எதிர்ப்பாளர்கள் தீ வைத்தபோது, தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதித்து வந்து, எரியாத தாள்களும் ஊறிப்போகும்படி தண்ணீரை அள்ளி இறைத்தார்கள். தீ வைத்தவர்களில் பன்னிரண்டு பேர் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உங்களைத் தீ வைக்கச் சொல்லவில்லை. பிந்திப்போனால் கைக்குக் கிடைக்கிற கருவிகள் எப்படிப்பட்டவை என்று காட்டுகிறேன்.

இந்தக் கதையை விளங்கிக்கொள்ளக் கொழும்புத் தமிழருக்கு ஐரோப்பா தேவையில்லை. 1983 யூலையில் எந்த வீடு யாருடையது என்று வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னது எங்கள் வீடுகளில் தெரியாத கதையா? அந்த இடாப்பு ஏதோ ஒரு கந்தோரின் ராக்கையிலிருந்துதான் இறங்கியிருக்கும். ஏதோ ஒரு கை அதை எடுத்துக் கொடுத்திருக்கும். அந்தக் கையின் சொந்தக்காரர் இரவில் என்ன நினைத்தார் என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன். 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பியபோது அதைச் செய்தது கும்பல் அல்ல, சீருடை. மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது.

ஆகவே கடிதம் கேட்பது, கேட்பவர் யார் என்ற கேள்வியைத் தீர்க்கும். கேட்பது என்ன என்ற கேள்வி அதோடு தீராது. இனத்தை வைத்துப் பிரித்த முகவரிப் பட்டியலைக் கேட்டு, சரியான கடிதத் தலைப்பில், சரியான கையொப்பத்தோடு ஒரு தாள் வந்தால், அன்றைக்கு நடைமுறை உங்களுக்குத் துணை வராது. இதைச் செய்யமாட்டேன் என்று எழுதவேண்டியிருக்கும். நியமனத்தின்போது நாங்கள் எடுத்த சத்தியம் அரசியலமைப்புக்கும் சட்டத்துக்கும் அமையக் கடமை செய்வதாகத்தான். தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று 1983 இல் ஆறாம் திருத்தத்தோடு வந்த சத்தியத்தைத் தமிழ் உத்தியோகத்தர்கள் தொண்டையில் முள்ளோடு எடுத்தோம். எடுத்தாயிற்று, அதில் உள்ள "அரசியலமைப்பு" என்ற சொல்லை நமக்கும் பயன்படுத்தலாம். இனத்தின் பேரில் பாரபட்சம் கூடாது என்கிற 12 ஆம் உறுப்புரையை உங்கள் மறுப்புக் கடிதத்தில் இலக்கத்தோடு குறிப்பிடுங்கள்.

விலை என்ன? கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரனை உங்கள் வயதுக்காரருக்குத் தெரியாது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார், 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சில ரூபாய்தான். அவர் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்காடவே முடியாது என்றார்கள். 1969 இல், அந்நாளில் எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அது பிழை, வழக்காடலாம் என்றது. ஆனால் தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியைத் திருப்பி இங்கேயே அனுப்பியது. அதை எந்த நீதிமன்றமும் பிறகு தொடவில்லை. 1972 இல் அரசியலமைப்பே மாறிப்போனது. அவர் வென்றாரா தோற்றாரா என்று என்னிடம் கேட்டால், இரண்டையும் சொல்வேன். ஆனால் அவர் வேலைக்குப் போய்க்கொண்டே வழக்காடினார் என்பதைக் கவனியுங்கள். 1980 யூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அப்படி அல்ல. ஏறத்தாழ 40,000 பேர், பதவியை வறிதாக்கிவிட்டார்கள் என்ற ஒற்றை வரியோடு வேலை இழந்தார்கள். ஆகவே மறுக்கிற கிழமையில் ஒருநாளும் லீவு போடாதீர்கள். எட்டரைக்கு வந்து கையெழுத்து வையுங்கள். மற்ற எல்லா வேலையையும் வழக்கத்தைவிட நன்றாகச் செய்யுங்கள்.

இடமாற்றம் வரலாம், அதை எதிர்பாருங்கள். அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையிடலாம், அதற்கு மேலே நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது. ஆணைக்குழுவின் முடிவை மற்ற நீதிமன்றங்கள் விசாரிக்க 61அ உறுப்புரை இடம் தராது. எஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அதற்குக் காலக்கெடு ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் அதிகம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் விசாரணை நடக்கும் காலம் கழிபடும் என்று சட்டம் சொல்கிறதுதான், ஆனாலும் அதை நம்பி ஆறுதலாக இருக்கவேண்டாம். பத்திரிகைக்காரரிடம் நீங்களாகப் போகாதீர்கள். அரசாங்க ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயத்தை வைத்தே உங்களைப் பிடித்துவிடுவார்கள், மூலப் பிரச்சினை மறைந்துபோகும்.

கடைசியாக உங்கள் சிங்கள நண்பர். அவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு என்னவோ இந்தக் கதையில் முக்கியமான ஆள் அவர்தான். அவரோடு இதைப் பேசினீர்களா? ஆள் வந்து நிற்கிற அன்றைக்குப் பேசமுடியாது. நீங்கள் விடுமுறையில் இருக்கும் நாளைப் பார்த்து அவரிடமும், அவர் இல்லாத நாளைப் பார்த்து உங்களிடமும்தான் வருவார்கள். இந்த வாரமே வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு பேசுங்கள். அவரும் சம்மதித்தால், கடிதத்தில் இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள், அவருடைய பெயர் மேலே வரட்டும். இப்படிச் சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு தமிழர் தன் நியாயத்துக்கு முன்னால் ஒரு சிங்களப் பெயரை நிறுத்தவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஆனால் அது இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்கு ஒரு கவசம், அதோடு அவருக்கும் அந்தத் தரவில் பங்கு உண்டு. 1987 முதல் 89 வரை ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கிலே ஆட்கள் பட்டியலோடு வீடு வீடாகப் போனதை அவருடைய தகப்பனிடம் கேட்டால் சொல்வார். 1984 இல் எனக்கு முன்னால் இருந்து "கடிதம் அனுப்புங்கள்" என்று சொன்னவரும் காலிக்காரர்தான்.

வீட்டில் ஒரு கோவை தொடங்குங்கள். நியமனக் கடிதம், நீங்கள் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம். திணைக்களத்தின் தரவு ஒரு வரிகூட அதற்குள் இருக்கக்கூடாது, அரசாங்க இரகசியச் சட்டம் 1955 இலிருந்து உயிரோடு இருக்கிறது. கோவையை மனைவிக்குக் காட்டுங்கள், நான் எழுதியதையும் வாசிக்கக் கொடுங்கள். அலுமாரியில் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தால், தேவைப்படும் அன்று தேடாமல் எடுக்க அவருக்குச் சுகமாக இருக்கும்.